யோகமும் சரீர தயையும்

யோகாப்பியாசத்தில் இறங்கும் சாதகன், தன் தேகம் அன்று எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதனை ஏற்றுக்கொண்டு, அதன் வயது, வலிமை, பிணி, களைப்பு ஆகியவற்றை அறிந்து பரிவோடு நடத்தும் ஒழுக்கத்தைச் சரீர தயை எனலாம். இஃது அண்மைக் காலத்தில் மேனாட்டார் யோகத்தோடு கொண்டு சேர்த்த புதுமை என்று எழுதுவோர் உளர், அது சரியன்று. இவ்வொழுக்கத்தின் வேர் யோக சாஸ்திரத்தின் மூல நூல்களிலேயே இருக்கிறது.

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் உள்ள 195 சூத்திரங்களுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே. அம்மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயரேனும் காணப்படவில்லை. ஆசனம் ஸ்திரமும் சுகமும் உடையதாதல் வேண்டும் என்பதும், முயற்சியின் இறுக்கம் தளர்ந்து மனம் அனந்தத்தில் தோய்வதால் அது கைகூடும் என்பதும், கைகூடியவனைக் குளிர் வெப்பம் முதலிய இரட்டைகள் தாக்கா என்பதுமே அங்குச் சொல்லப்படுவன. முயற்சியை மிகுவிக்குமாறு கூறாமல் தளர்த்துமாறு கூறியிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. எட்டு அங்கங்களுள் முதலாவதாகிய யமத்தின் முதல் உறுப்பு அஹிம்சை. எவ்வுயிர்க்கும் எக்காலத்தும் எவ்வகையாலும் தீங்கு கருதாமையே அது என்று வியாச பாஷ்யம் அதனை விரிக்குமிடத்து, சாதகனின் சொந்த முழங்காலும் முதுகும் அந்த அருளுக்குப் புறம்பானவை என்று எங்கும் விலக்கு வைக்கப்படவில்லை. தவத்தைப் பற்றிப் பேசும்போதும், சித்தத்தின் தெளிவைக் கெடுக்காத அளவிலேயே அது செய்யப்பட வேண்டும் என்று அதே பாஷ்யம் வரம்பு கட்டுகிறது.

தூய்மையின் பயனைக் கூறும் சூத்திரம் ஒன்றில், தன் அங்கங்களின்பால் ‘ஜுகுப்ஸை’ (அருவருப்பு) உண்டாகும் என்று வருவதைக் காட்டி, யோகம் உடலை வெறுக்கவே கற்பிக்கிறது என்று வாதிப்பவர் உண்டு. பாஷ்யகாரர் அதன் விளைவாகச் சொல்வது தேகத்தின்மீது பற்று நீங்குதலை. அடுத்த சூத்திரமோ தூய்மையின் பயன்களுள் மனமகிழ்ச்சியையும் சேர்த்துக் கூறுகிறது. தன் உடலைக் கடிந்துகொண்டே இருப்பவன் அதனை ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பவன். அவனுக்குப் பற்று நீங்குவதும் இல்லை, மகிழ்ச்சி வாய்ப்பதும் இல்லை. ஆகவே இங்கு ஜுகுப்ஸையின் பயனாகக் கொள்ளத்தக்கது மோகம் ஒழிதலே.

பகவத்கீதை, மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதிருப்பவனுக்கும் யோகம் இல்லை என்று ஆறாம் அத்தியாயத்தில் கூறி, சரீரத்தையும் அதனுள் உறையும் இறைவனையும் வருத்தும் கொடிய தவத்தைப் பதினேழாம் அத்தியாயத்தில் அசுர இயல்பினதாக ஒதுக்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகை, ஹடம் என்னும் சொல்லுக்குப் பலவந்தம் என்று பொருள் இருந்தபோதிலும், யோகத்தைக் கெடுக்கும் ஆறு குற்றங்களுள் மிகையான பிரயாசையை ஒன்றாக எண்ணுகிறது; சிங்கம், யானை, புலி இவற்றைப் பழக்குவது போலவே பிராணனையும் படிப்படியாக வசப்படுத்த வேண்டும் என்கிறது; இளைஞன், முதியவன், மிக முதியவன், நோயாளி, மெலிந்தவன் ஆகிய அனைவருக்கும் அப்பியாசத்தால் சித்தி உண்டு என்று உறுதி கூறுகிறது. காயக்கிலேசம், அதாவது உடலை வருத்தும் செயல், தவிர்க்கப்பட வேண்டும் என்று அந்நூல் விதிக்குமிடத்தில், பிரம்மானந்தரின் ‘ஜ்யோத்ஸ்னா’ உரை, மிகப் பல சூரிய நமஸ்காரங்கள் செய்வதையும் பெருஞ்சுமை தூக்குவதையும் அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. நூற்றெட்டு நமஸ்காரம் செய்து முடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இக்காலத்தார் இவ்வுரையை ஒருமுறையேனும் படித்தல் நலம்.

தமிழில் இக்கொள்கைக்கு மூலபுருஷர் திருமூலர். கயிலையிலிருந்து தென்றிசை நோக்கி வந்த சிவயோகியார், காவிரிக்கரையில் சாத்தனூர் அருகே மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவ்வுடலைச் சுற்றி வந்து கதறுவதையும் கண்டு மனம் இரங்கி, அப்பசுக்களின் துயர் தீரும்பொருட்டே தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்தார் என்றும், திரும்பி வந்தபோது தம் உடல் மறைந்துபோயிருக்கக் கண்டு, இடையனின் உடலிலேயே தங்கித் திருமந்திரத்தை அருளினார் என்றும் பெரிய புராணம் கூறும். தவத்தால் பக்குவமான சொந்த உடலை இழந்து, மாடு மேய்த்துக் காய்ந்த வேறோர் உடலை ஏற்று, அதனைக் கொண்டே யோகத்தை நிறைவேற்றிய ஒருவருக்குத்தான் உடம்பின் அருமை முழுவதும் விளங்கியிருக்கும். முன்பு தாம் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே பரம்பொருள் கோயில் கொண்டிருப்பதை அறிந்தபின் அதனைப் பேணலானதாகவும் அவர் கூறும் பாடல், மூன்றாம் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என்னும் பகுதியில் உள்ளது. அத்தந்திரமே அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. அங்கு எண்ணப்படும் ஆசனங்களுள், எவரும் எளிதில் அமரத்தக்க சுகாதனமும் ஒன்று. பட்டினத்தார் உடலை இகழ்ந்து பாடியவை நிலையாமையை உணர்த்த வந்தவை. அவற்றை யோக சாதனைக்குரிய விதியாகக் கொள்ளுதல் கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வொழுக்கத்தைப் பயிற்சி முறையாக்கியவருள் முதல்வர் திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888–1989). மைசூர் அரசரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்து, 1934இல் ‘யோக மகரந்தம்’ என்னும் நூலைக் கன்னடத்தில் வெளியிட்ட அவரே, பின்னர்ச் சென்னையில் குடியேறி, தம்மை நாடி வந்த நோயாளிகளையும் முதியோரையும் தனித்தனியே பரிசோதித்து, ஒவ்வொருவரின் மூச்சுக்கும் ஏற்ற பயிற்சியை வகுத்துக்கொடுத்தார். ஆளை ஆசனத்துக்குப் பொருத்தாது, ஆசனத்தை ஆளுக்குப் பொருத்துவதே இம்முறையின் சாரம். பொறியியல் பயின்ற அவர் குமாரர் தேசிகாசார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தை நிறுவி இதனைப் பரப்பினார். கிருஷ்ணமாசாரியாரின் மைத்துனரும் மாணாக்கருமான பி. கே. எஸ். ஐயங்கார், இளமையில் காசநோயாலும் விஷஜுரங்களாலும் நலிந்தவர். கயிறு, பட்டை, போர்வை, மரக்கட்டை, நாற்காலி ஆகிய துணைகளைப் புனாவில் புகுத்தி, எட்டாத கைக்கும் மடங்காத காலுக்கும் வழிசெய்தார். அவர் போதனை கண்டிப்பு மிகுந்ததாயினும், அத்துணைகள் கருணையின் கருவிகளே.

பயிற்சியில் இவ்வொழுக்கத்துக்கு அளவுகோல் மூச்சு. பச்சிமோத்தானாசனத்தில் முன்குனியும்போது தொடையின் பின்புறம் இழுபடுவது இயல்பு. முழங்காலிலோ இடுப்பிலோ கூர்மையான வலி தோன்றினாலும், மூச்சு திணறினாலும், அவ்வளவில் நின்று, முழங்காலைச் சற்றே மடித்துக்கொள்ளுதல் முறை. விரல் பாதத்தைத் தொடாமையைக் குறையாக எண்ணலாகாது. நேற்று இயன்றது இன்று இயலாதிருக்கலாம். உறக்கக் குறைவு, மாதவிலக்கு, காய்ச்சலின் பின்விளைவு ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். அதனால் நாள்தோறும் தொடக்கத்தில் சிறிது நேரம் படுத்து உடலின் நிலையை விசாரித்தறிவதும், முடிவில் சவாசனத்தைக் குறைக்காமல் செய்வதும் வழக்கம். ஆசிரியர் மாணாக்கரின் உடலைத் தம் கையால் அழுத்தி வளைப்பது இவ்வொழுக்கத்துக்குப் பொருந்தாது.

மேனாடுகளில், பருமனான உடலினரும் யோகம் பயிலத் தக்கவர் என்று வற்புறுத்தும் நூல்கள் வெளிவந்துள்ளன. அமெரிக்காவின் ஜெஸமின் ஸ்டான்லி 2017இல் வெளியிட்ட ‘எவ்ரி பாடி யோகா’ அவற்றுள் ஒன்று. முதியோருக்காக நாற்காலியில் அமர்ந்து செய்யும் வகுப்புகள் இப்போது பல ஊர்களில் நடைபெறுகின்றன.