திருகினால் இறங்கும் மினி

பழைய மினி காரின் அடிப்பாகத்தைப் பிரித்தால் நான்கு அலுமினியத் துண்டுகள் கைக்கு வரும். முன்சக்கரங்களுக்கு இரண்டு குட்டை, பின்சக்கரங்களுக்கு இரண்டு நெட்டை. ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். அந்த வடிவத்தால் பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் அதை டிரம்பெட் என்பார்கள். காரின் எடை முழுவதும் ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பரிலிருந்து இந்த நான்கின் வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்கிறது. துண்டின் நீளம் கூடினால் கார் எழும்பும், குறைந்தால் தாழும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மினியை வைத்திருப்பவர்கள் இந்தத் துண்டை வெட்டியிருக்கிறார்கள், கடைந்திருக்கிறார்கள், வாஷர் வைத்து நீட்டியிருக்கிறார்கள், கடைசியில் முனையில் மரை போட்டுத் திருகவும் செய்திருக்கிறார்கள். அந்தக் கடைசி அவதாரத்துக்கு ஹை-லோ என்று பெயர்.

துண்டின் கதை ரப்பரிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஸ்டீஃபன் மோல்டன். 1848இல் வில்ட்ஷயர் மாவட்டத்தின் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில், ஆற்றங்கரையில் கிடந்த பழைய கம்பளி ஆலையை வாங்கி ரப்பர் ஆலையாக்கினார். குடும்பத் தொழில் வளர்ந்து, ரயில் பெட்டிகளுக்கான ரப்பர் ஸ்பிரிங்குகள் செய்வது அதன் கைத்தேர்ச்சியானது. அவருடைய கொள்ளுப்பேரன் அலெக்ஸ் மோல்டன் (1920-2012). ரயிலைத் தாங்கும் ரப்பர் காரைத் தாங்காதா என்பது அவருக்குப் பிடித்த கேள்வி. 1956இல் குடும்ப ஆலை ஏவன் ரப்பர் நிறுவனத்துக்குக் கைமாறியதும், வீட்டு வளாகத்திலேயே சொந்த ஆய்வு நிறுவனம் தொடங்கிவிட்டார்.

ரப்பர் இன்னொரு வழியிலும் பயணம் செய்திருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அந்த மண்ணில் தோட்டங்கள் எழுந்தபோது, விடியுமுன் எழுந்து மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பங்கு தமிழ்க் குடும்பங்கள். பிரிட்டனின் ரப்பர்த் தொழிலைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் கார்ப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு வரி கிடைப்பது அரிது. சீறிப் பாய்ந்த சின்னக் கார்களின் வரலாற்றில் அந்தப் பால் வாளிகளுக்கும் இடமுண்டு என்று இங்கே சொல்லி வைக்கிறேன்.

1956இல் சூயஸ் நெருக்கடி. பெட்ரோலுக்கு ரேஷன். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டுக்கு, லண்டன் தெருக்களில் முளைத்த மூன்று சக்கரக் குமிழிக் கார்களைக் கண்டாலே ஆகாது. அவற்றை விரட்ட ஒழுங்கான சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று அலெக் இசிகோனிஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். இசிகோனிஸ் 1906இல் துருக்கியின் ஸ்மிர்னாவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒரு தலைமுறையைச் சுமந்த மொறிஸ் மைனரை வரைந்ததும் அவர்தான்.

26 ஆகஸ்ட் 1959 அன்று வெளியான மினியின் நீளம் 10 அடி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கினார் இசிகோனிஸ். சக்கரம் வெறும் 10 அங்குலம். கிடைத்த இடமெல்லாம் ஆட்களுக்கும் சாமான்களுக்கும். இப்படிச் சிக்கனம் பிடித்த காரில் நீளமான சுருள் ஸ்பிரிங் வைக்க இடமேது? இன்னொரு சிக்கலும் இருந்தது. காரின் எடையே சுமார் 600 கிலோ. நான்கு பேர் பெட்டியோடு ஏறினால் அதில் பாதிக்கு மேல் கூடுகிறது. காலியாக இருக்கையில் மெத்தென்று இருக்கும் ஸ்பிரிங், ஆள் நிறைந்தால் தரையைத் தொடும். நிறைந்த வண்டிக்குத் தோதான ஸ்பிரிங், தனியாக ஓட்டுபவரின் முதுகெலும்பைப் பதம் பார்க்கும்.

மோல்டனின் ரப்பர் கூம்பு இரண்டுக்கும் பதில் சொன்னது. உலோக வளையங்களுக்கு நடுவே வார்த்த கனத்த ரப்பர் அது. அமுங்க அமுங்கக் கடினமாகும். முதல் சுமைக்கு இளகும், அடுத்த சுமைக்கு முறைக்கும். கையகல இடம் போதும். முன்னால், சக்கரங்களைத் தாங்கும் சட்டகமான சப்ஃபிரேமின் கோபுரத்துக்குள் நிமிர்ந்து நிற்கிறது, பின்னால் படுத்துக் கிடக்கிறது. ஆனால் ரப்பர் அமுங்கும் தூரம் மிகக் குறைவு. சக்கரமோ பள்ளம் மேடுகளில் அங்குலக் கணக்கில் ஏறி இறங்க வேண்டும். எனவே நெம்புகோல்: சக்கரத்தைத் தாங்கும் கையின் உட்பக்கத்தில், அச்சுக்கு நெருக்கமாக டிரம்பெட்டின் ஒடுங்கிய முனை உட்காரும். நைலான் கிண்ணத்துக்குள் அமர்ந்த ஒரு குமிழ் மூட்டு அங்கே இருக்கிறது. விகிதம் முன்னால் சுமார் 3க்கு 1, பின்னால் சுமார் 5க்கு 1. பின்சக்கரம் 25 மில்லிமீட்டர் எழுந்தால் ரப்பர் 5 மில்லிமீட்டர்தான் அமுங்கும்.

இந்த விகிதத்தைக் கண்டுகொண்டதும் பந்தயக்காரர்களின் கை பரபரத்திருக்கும். பின் டிரம்பெட்டில் 5 மில்லிமீட்டரை லேத்தில் கடைந்தால் கார் ஓர் அங்குலம் தாழும், முன்னால் அதற்கு 8 மில்லிமீட்டர் வேண்டும். செலவு கிட்டத்தட்ட இல்லை. 1961இல் ஜான் கூப்பரின் பெயரோடு மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை மினி வென்றது. 1966இலும் முதல் மூன்று இடங்களில் வந்து, முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கப்பட்டது. அதன்பிறகு தன் மினியும் தரையோடு தரையாக ஓட வேண்டும் என்று ஆசைப்படாத வாலிபர் இங்கிலாந்தில் குறைவு. ரம்பமும் லேத்தும் வேலை செய்தன.

வெட்டியதை ஒட்ட முடியாது என்பது பிறகுதான் உறைக்கும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டிவிட்டால் மறுபக்கத்தையும் வெட்ட வேண்டும், பிறகு திரும்ப முதல் பக்கத்தை. ரப்பரோ சும்மா இருக்கும் பொருளல்ல. ஓயாத சுமையில் மெல்ல மெல்லத் தளரும், பழைய கூம்பு தானாகவே காரைத் தரையிறக்கும். தளர்ந்த கூம்போடு வெட்டிய டிரம்பெட் சேர்ந்தால், குஷன் போய் வண்டி முட்டுக்கட்டை ரப்பரில் உட்கார்ந்துவிடும். வலப்பக்கம் ஓட்டுநர் மட்டுமே உட்கார்ந்து ஓட்டிய கார்களில் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஏற்ற வேண்டுமானால் டிரம்பெட்டுக்கும் மூட்டுக்கும் இடையே வாஷர் வைப்பார்கள். இறக்க லேத், ஏற்ற வாஷர்.

நடுவே ஒரு கிளைப்பாதை. 1964இல் மினிக்கு ஹைட்ரோலாஸ்டிக் என்ற ஏற்பாடு வந்தது. இதுவும் மோல்டனுடையதே. ரப்பரோடு திரவமும் சேர்ந்து, ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் குழாயால் இணைந்திருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்பக்கமும் தூக்கிக்கொடுக்கும். அதில் பம்ப்பை மாட்டித் திரவ அழுத்தத்தைக் குறைத்தாலே கார் இறங்கிவிடும். உயரத்தை மாற்ற அதைவிட எளிய வழி மினியில் என்றுமே இருந்ததில்லை. ஆனால் செலவு கூடுதல். சில ஆண்டுகளில் நிறுவனம் பழைய கூம்புக்கே திரும்பிவிட்டது.

கூம்பு மினிகளில் லேத்துக்கும் வாஷருக்கும் மாற்றாக வந்ததுதான் ஹை-லோ. டிரம்பெட்டைக் குட்டையாகச் செய்து, ஒடுங்கிய முனையில் உள்மரை போட்டு, அதில் கனத்த போல்ட் ஒன்றை நுழைத்து, போல்ட்டின் நுனியில் குமிழ் மூட்டை உட்கார வைத்தார்கள். போல்ட்டை வெளியே திருகினால் கார் ஏறும், உள்ளே திருகினால் இறங்கும், ஒரு செக் நட் இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் யந்திரம்.

மாட்டும் வேலை அவ்வளவு லேசல்ல. முன்பக்கக் கூம்பை அமுக்கி வைக்காமல் பழைய டிரம்பெட்டை எடுக்க வராது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. எஞ்சின் அறைக்குள் சப்ஃபிரேம் கோபுரத்தின் தலையில் உள்ள துளை வழியாக அதன் கம்பியை விட்டு, கூம்பின் நடு மரையில் பல சுற்று பிடிக்கும்வரை திருகி, மேலிருக்கும் நட்டை இறுக்கினால் கூம்பு மேல்நோக்கி அமுங்கும். பழைய கூம்புகளின் மரை இஞ்ச் கணக்கு, பிந்தியவை மெட்ரிக். மாற்றிப் போட்டுத் திருகினால் மரை கெடும். அமுங்கிய ரப்பரின் பலத்தைக் கெட்ட மரையை நம்பி விடுவது ஆபத்தும்கூட. பின்பக்கத்துக்குக் கருவி வேண்டாம். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, சக்கரத்தின் கையைத் தொங்கவிட்டால் டிரம்பெட் தளர்ந்து வரும். ஆனால் இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு பெட்ரோல் டாங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டிக்கியில் டாங்கை நகர்த்திய பிறகுதான் ஸ்பேனர் அதைத் தொடும். எஞ்சினுக்காகவும் ஆட்களுக்காகவும் அங்குலம் அங்குலமாக யோசித்த இசிகோனிஸ், மெக்கானிக்கின் கைக்காக யோசித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அளவு எடுக்க வேண்டும். டயர் காற்றைச் சரிசெய்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கித் திருகிவிட்டு இறக்கியவுடன் அளந்தால் கணக்கு பொய். டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு காரைத் தூக்கலாகவே நிறுத்தும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகே கார் தன் உயரத்துக்கு வரும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் திருகித் திருகி அலுத்துப்போகிறார்கள். கூம்பும் புதிதென்றால் இன்னொரு கண்ணாமூச்சி: புது ரப்பர் கார்க்காரர் எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும், ஓட ஓட மாதக் கணக்கில் அமர்ந்து தாழும். முதல் வாரத்தில் ஆசைப்பட்ட உயரத்துக்கு இறக்கிவைத்தால், ஆறு மாதத்தில் அது வயிற்றைத் தேய்க்கும்.

காரை இறக்கினால் மற்றவையும் அதோடு இறங்கும். பழைய நீளத்து ஷாக் அப்சார்பர் உள்ளே முழுக்க அடைந்து இடிக்கும், குட்டையானது தேவை. நெட்டையையே வைத்திருந்தால் எதிர்ப்பக்கத்திலும் வம்பு. காரை ஜாக்கியில் தூக்கும்போது சக்கரம் தேவைக்கு மேல் தொங்கி, டிரம்பெட் தளர்ந்து, குமிழ் கிண்ணத்தை விட்டு வழுவிவிடும். தூசியும் கிரீஸும் கலந்து மூட்டு தேய்ந்தால் கீச்சென்ற சத்தம் வரும். சக்கரங்களின் சாய்வும் நேர்கோடும் மாறுவதால் அலைன்மென்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும், முகப்பு விளக்கின் நோக்கையும் கூடவே. பெரிய பயம் அடியில் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் குளிக்கும் கார் இது. வேகத்தடையில் அந்த அலுமினியத் தொட்டி விரிசல் விட்டால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எண்ணெய் போய்விடும். இறக்கிய மினிக்கு அடியில் தொட்டியைக் காக்கும் சம்ப் கார்டு மாட்டுவது அலங்காரத்துக்காக அல்ல.

இவ்வளவையும் செய்து கிடைப்பது என்ன? எடை மையம் கொஞ்சம் தாழும், வளைவில் சாய்வு கொஞ்சம் குறையும். ஆனால் மினி முதலிலேயே தாழ்வான கார், சக்கரங்களை நான்கு மூலைக்குத் தள்ளி வைத்த கார். வளைவில் அதன் பிடியை உண்மையில் கூட்டுபவை, முன்சக்கரத்தின் தலையை ஒன்றரை டிகிரி உள்ளே சாய்க்கும் நீண்ட கீழ்க்கைகளும், பின்சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் பிராக்கெட்டுகளும், நல்ல டயரும்தான். இரண்டு அங்குலம் இறக்கினவர் ரப்பரின் கடினப் பகுதியிலேயே நாள் முழுக்க ஓட்டுகிறார். மோல்டன் அமுங்க இடம் விட்டு வடிவமைத்த இளக்கத்தைப் பணம் கொடுத்துத் தொலைத்திருக்கிறார். என் கணக்கில் ஹை-லோவின் உண்மையான பயன், நான்கு மூலைகளையும் ஒன்றாக்குவது. தளர்ந்த வலப்பக்கத்தை நிமிர்த்தலாம். நான்கு தராசுகளில் சக்கரங்களை ஏற்றி, மூலைக்கு மூலை எடையைச் சரிபார்த்துத் திருத்தலாம். இறக்குவதற்கென்று விற்கப்பட்ட பொருள், ஏற்றுவதற்குத்தான் அதிகம் உதவுகிறது.

கடைசி மினி 4 அக்டோபர் 2000 அன்று லாங்பிரிட்ஜ் ஆலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் ஐம்பத்து மூன்று லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு பிஎம்டபிள்யூ வெளியிட்ட புது மினியில் கூம்பும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. எஃகுச் சுருள் ஸ்பிரிங்தான். அதை இறக்க ஆசைப்படுபவர்கள், மரையிட்ட உடலில் வளையத்தைத் திருகி உயரம் மாற்றும் காயில்ஓவரை வாங்குகிறார்கள். பழைய மினிக்கும் கூம்பின் இடத்தில் பொருந்தும் எஃகுச் சுருள்கள் விற்பனையில் உண்டு. சவாரி மிருதுவாகும் என்று மாட்டிப் பார்த்தவர்களில் சிலர், சுமை ஏறியதும் வண்டி உட்கார்ந்துபோவதைக் கண்டு ரப்பருக்கே திரும்பியிருக்கிறார்கள். அப்படித் திரும்புகிறவர்கள் ஹை-லோவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மரையில் கிரீஸ் தடவி, கூம்பு அமர்வதற்கு அரை அங்குலம் உயரமாக வைத்து மாட்டிக்கொள்ளலாம்.