வால்வுகளும் பாடபேதங்களும்

1962-ஆம் ஆண்டு. இலண்டனின் மேற்கே ஹான்வெல் என்ற பகுதியில் ஜிம் மார்ஷல் ஓர் இசைக்கருவிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். அவர் டிரம் வாசிப்பவர், டிரம் ஆசிரியரும்கூட. ஆனால் கடைக்கு வந்து நச்சரித்தவர்கள் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அமெரிக்காவின் ஃபெண்டர் ஆம்ப். கடல் தாண்டி வந்த அந்தப் பெட்டியின் விலையோ கைக்கு எட்டாத விலை. கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்த கென் பிரான், இஎம்ஐ நிறுவனத்தில் பயிற்சியில் இருந்த டட்லி கிரேவன் என்ற பதின்வயதுப் பையன் ஆகியோரிடம் வேலை போனது. ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ என்ற மாதிரியின் மின்சுற்றை அவர்கள் கிட்டத்தட்ட வரி பிசகாமல் படியெடுத்தார்கள். அந்தப் பிரதியின் பெயர் ஜேடிஎம்45.

மின்சுற்றை வரைந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காதால் கேட்டால் ஒன்றல்ல. காரணம் எளிது. கலிஃபோர்னியாவில் கிடைத்த பொருள் இலண்டனில் கிடைக்கவில்லை. மூலத்தில் முதல் வால்வு 12ஏஒய்7. இவர்கள் போட்டது இசிசி83. ஒலியை இன்னும் அதிகமாகப் பெருக்கும் வால்வு அது. மூலத்தின் கடைசி வால்வுகள் 5881. இங்கே கொஞ்ச நாளில் ஆங்கிலேயத் தயாரிப்பான கேடி66 வந்து உட்கார்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூர்க் கடைப் பட்டியலிலிருந்து வாங்கியது. முதுகு திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஒலிபெருக்கிகள் இருந்த இடத்தில், முதுகு மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம். எல்லாம் சேர்ந்து, ஒலியைக் கூட்டினால் சீக்கிரமே உறுமத் தொடங்கும் ஒரு கருவி ஆகிவிட்டது. 1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் வாசித்தது இந்த வம்சத்து ஆம்பில்தான். ராக் இசையின் கிட்டார் என்று இன்று நம் காதில் பதிந்திருக்கும் ஓசையில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது.

ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏடு எழுதுபவர் மூலத்தைப் பார்த்து எழுதுகிறார். ஓர் எழுத்து மாறுகிறது, ஒரு சொல் அவர் ஊர் வழக்குக்குத் திரும்பிக்கொள்கிறது. பதிப்பாசிரியர் அதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போடுகிறார். மார்ஷல் ஆம்ப், பேஸ்மேனின் பாடபேதம். இந்தக் கதையில் பாடபேதம் மூலத்தைவிடப் புகழ் பெற்றுவிட்டது, அவ்வளவுதான்.

மூலம் என்று சொன்னேன். அதுவும் சரியில்லை. லியோ ஃபெண்டர் கணக்குப் பதிவியல் படித்தவர். 1930-களின் கடைசியில் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1946-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை, வால்வு விற்கும் நிறுவனங்கள் அச்சிட்ட கையேடுகளின் மாதிரிச் சுற்றுகள். வால்வு விற்க வேண்டுமென்றால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லித்தர வேண்டும். அதனால் ஆர்சிஏ போன்ற நிறுவனங்கள் முழுச் சுற்றுகளையே கையேட்டில் அச்சிட்டன. அந்தக் காலத்து ஃபெண்டர் பெட்டிகளின் உள்ளே எந்த வால்வு எந்த இடத்தில் என்று காட்டும் தாள் ஒட்டியிருக்கும். அதிலேயே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் காப்புரிமைகளை உரிமம் பெற்றுப் பயன்படுத்துவதாக ஒரு வரியும் இருக்கும். தொலைபேசிக்காகவும் மேடை ஒலிபெருக்கிக்காகவும் பிறந்த அறிவு கிட்டாருக்குள் வந்தது இப்படித்தான்.

வால்வு எப்படி வேலை செய்கிறது? கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிடம். நடுவில் சூடேறும் கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றியுள்ள தகடு அவற்றை இழுக்கிறது. 1904-ல் ஃபிளெமிங் செய்த வால்வில் இந்த இரண்டுதான் இருந்தன. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் அது விடும். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் செருகினார். வலையில் சின்னதாக மின்னழுத்தத்தை அசைத்தால் தகட்டுக்குப் போகும் ஓட்டம் பெரிதாக அசையும். கிட்டார் கம்பியின் சிறு நடுக்கம் அரங்கம் முழுக்கக் கேட்பது இந்த வலையால்.

மின்னியல் பட்டப்படிப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, உள்ளே போன அலை அதே வடிவத்தில் பெரிதாக வெளியே வர வேண்டும் என்பது. வடிவம் கெட்டால் அது திரிபு. திரிபைச் சதவீதத்தில் கணக்குப் போட்டு, அதைக் குறைக்க வழி எழுதினால் மதிப்பெண். அலையின் உச்சி வெட்டுப்படுவது தேர்வுத்தாளில் குறை. கிட்டார்காரர்கள் தேடுவதோ அந்த வெட்டைத்தான். வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது உச்சிகள் கத்தியால் அறுத்ததுபோல் இல்லாமல் மெல்ல மழுங்குகின்றன. வால்வு ரெக்டிஃபையர் உள்ள ஆம்பாக இருந்தால், ஓங்கி ஒரு தட்டுத் தட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. கருவி மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். புதிதாகப் பிறக்கும் மேற்சுரங்கள் ஒற்றை நரம்பின் ஒலியைத் தடிக்க வைக்கின்றன.

இதை எந்தப் பொறியாளரும் திட்டமிடவில்லை. 1951-ல் வெளிவந்த 'ராக்கெட் 88' பாட்டில் கிட்டார் கரகரப்பதற்குக் காரணம், வழியில் அடிபட்ட ஆம்ப் என்று சொல்லப்படுகிறது. 1958-ல் லிங்க் ரே ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் துளை போட்டார். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கிழித்தார். உடைந்ததன் ஓசை பிடித்துப்போனது. பிறகு அதை உடைக்காமலே எப்படிக் கொண்டுவருவது என்று தேடினார்கள்.

நம் பக்கமும் இந்த அலை வந்தது. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போனார்கள். ஷேடோஸின் தெளிந்த, மணி போன்ற கிட்டார் ஒலிக்குப் பின்னால் இருந்தது, டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஆம்ப். பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மலாய் இளைஞர்கள் கிட்டார் குழுக்கள் தொடங்கினார்கள். பாப் யே யே என்று அந்தக் காலத்துக்குப் பெயர் வந்தது. இங்கும் ஒரு படியெடுப்பு. ஷேடோஸின் கிட்டாரில் மலாய்ப் பாட்டு ஏறிக்கொண்டது.

1947-ல் பிறந்த டிரான்சிஸ்டர் எழுபதுகளுக்குள் மற்றப் பெரும்பாலான இடங்களிலிருந்தும் வால்வைத் துரத்திவிட்டது. கிட்டார் ஆம்பில் அது ஒட்டிக்கொண்டது. 1965-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் வந்த பெட்டிகள் பழையவைபோல் இல்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அந்த இடைவெளியில்தான் தனி ஆளாகப் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியையும் கையால் பற்றவைத்து ஆம்ப் செய்பவர்கள் வந்தார்கள். பின்னால் அதற்கு பொட்டிக் ஆம்ப் என்று பெயர் ஒட்டியது.

அவர்களில் இருவரை எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஒருவர் கலிஃபோர்னியாவின் ஹோவர்ட் டம்பிள். வாசிப்பவரின் விரலைக் கேட்டு அவருக்கென்றே ஆம்பைச் சரிசெய்து தருவார். ராபன் ஃபோர்டு, சந்தானா போன்றவர்கள் அவரிடம் போனார்கள். சுற்றின் முக்கியமான பகுதியை டம்பிள் எபாக்ஸி பிசின் ஊற்றி மூடிவிடுவார். யாரும் பார்த்து வரையக்கூடாது. 2022 ஜனவரியில் அவர் இறந்தார். அவர் பெட்டிகள் இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. இன்னொருவர் நியூ ஜெர்சியின் கென் ஃபிஷர். ஆம்பெக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டிரெயின்ரெக் என்ற பெயரில் ஆம்ப் செய்து, வரிசை எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் பெண் பெயர் வைத்தார். நீண்ட நோயில் முடங்கியவர். ஆனால் பழைய ஆம்புகளை எப்படிச் சரிசெய்வது, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று கட்டுரைகளாக எழுதிக் கொடுத்தார். 2006-ல் அவர் போனபிறகும் அந்தப் பக்கங்களை வைத்து ஆட்கள் ஆம்ப் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டம்பிளின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வருடக்கணக்காக உட்கார்ந்து கண்டுபிடித்ததை எவனோ ஒரு மாலையில் வரைந்துகொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர் தொடங்கியதே ஃபெண்டரின் திறந்த சுற்றிலிருந்து. ஃபெண்டர் கையேட்டிலிருந்து எடுத்ததை, மார்ஷல் ஃபெண்டரிடமிருந்து எடுத்ததை, சங்கிலியின் ஒரு கண்ணியில் பிசின் ஊற்றி நிறுத்திவிட முடியாது. நிறுத்தவும் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் பொறுமையாகப் பிசினைச் சுரண்டி எடுத்து வரைந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் படித்தது ஒரு ஆம்ப் கட்டுவதற்காக. தேர்ந்தெடுத்தது 1950-களின் ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு, சுமார் 5 வாட். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்து இரண்டு டசனுக்குள் முடிந்துவிடும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூலத்தில் 8 மைக்ரோஃபாரட் என்று இருந்த இடத்துக்கு 10தான் கிடைத்தது. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் நம் 240 வோல்ட்டுக்கு ஆகாது, வேறு வாங்கினேன். பைன் மரத்துக்குப் பதில் பழைய அலமாரியின் மெராந்திப் பலகை.

எங்கள் மாமா ஒருவர் இளமையில் தோட்டத்து லயங்களில் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர். பாகங்களைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பல்லாம் பின்மூடியக் கழட்டினா உள்ளயே படம் ஒட்டியிருப்பான் தம்பி. அதைப் பார்த்துத்தான் நான் தொழிலே கத்துக்கிட்டேன்" என்றார். பிறகு குரலை மாற்றி, "கரண்ட் இருக்கறப்ப ஒரு கைய பாக்கெட்ல போட்டுக்க" என்றார். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ரேடியோக்காரர்களிடமிருந்து கிட்டார்காரர்களுக்கு வந்து சேர்ந்த அறிவில் இதுவும் ஒன்று. கையேட்டில் இருந்தாலும் வாயால் சொல்லித்தான் ஏறுகிறது.

என் வால்வுகளில் ஒன்று ஸ்லோவாகியா, ஒன்று ரஷ்யா. மேற்கில் ஆலைகள் மூடப்பட்ட பிறகும் சோவியத் தரப்பில் வால்வு செய்துகொண்டிருந்தார்கள். 1976-ல் ஒரு சோவியத் விமானி மிக்-25 போர்விமானத்தோடு ஜப்பானில் இறங்கியபோது, அதன் மின்னணுக் கருவிகளில் வால்வு இருந்ததைப் பார்த்து மேற்கத்தியர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பனிப்போருக்காக ஓடிய சரதோவ் நகர ஆலை பின்னர் அமெரிக்கர் மைக் மேத்யூஸின் கைக்கு வந்து கிட்டாருக்காக ஓடியது. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுக்க வால்வுக்கு அலைந்தார்கள். நம் கையில் சுற்றின் படம் இருக்கலாம், வால்வைச் செய்யும் ஆலை வேறு யாருடையதோ.

சாம்ப் கட்டி முடித்து ஒரு வருடம் ஆகிறது. போட்டவுடன் பாடாது, அரை நிமிடம் போல் சூடாக வேண்டும். இது 1950-களின் ஓசைதானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. 10 மைக்ரோஃபாரட்டும் மெராந்தியும் சேர்ந்த ஓசை. மாற்றிய மதிப்புகளை எல்லாம் ஒரு தாளில் வரைந்து பெட்டிக்குள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன். பின்மூடிக்கு நான்கு திருகாணிகள். நட்சத்திரத் திருப்புளி இருந்தால் போதும்.