திறன்பேசியின் பூட்டிய பூட்லோடர்: பொறுப்பு யாருடையது?

திறன்பேசிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் இயங்கத் தொடங்கும் நிரல்களுள் ஒன்றான பூட்லோடர், தன்னை அடுத்து இயங்கவிருக்கும் இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ளதா என்று சரிபார்த்த பின்னரே அதற்கு வழிவிடுகிறது. திருடப்பட்ட பேசியில் வேறு இயங்குதளத்தை ஏற்றித் தரவைக் கவர்வதையும், இடையில் உள்ள விற்பனையாளர் தீநிரலைச் செருகி விற்பதையும் தடுக்கும் இச்சரிபார்ப்பு தேவையானதே. பழிக்கப்பட வேண்டியது பூட்டு அன்று. விலை கொடுத்து வாங்கியவருக்கு அதைத் திறக்கும் உரிமை மறுக்கப்படுவதே.

பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குபவை என்னும் வாதத்தைக் கூகுளின் பிக்சல் பேசி பொய்யாக்குகிறது. கூகுளிடம் நேரடியாக வாங்கிய பிக்சலின் பூட்டை உரிமையாளரே திறக்கலாம். திறக்கும்போது பயனர் தரவு முழுவதும் அழிக்கப்படுவதால் திருடியவருக்கு அத்தரவு கிட்டுவதில்லை. உரிமையாளர் தாம் தேர்ந்த இயங்குதளத்தின் திறவுகோலைப் பதிந்து மீண்டும் பூட்டவும் அதில் இடமுண்டு. கிராஃபீன்ஓஎஸ் என்னும் மாற்று இயங்குதளம் அவ்வாறே நிறுவப்படுகிறது. ஆனால் அதே பேசியை அமெரிக்காவின் வெரைசான் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்கியவருக்கு இவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. தயாரிப்பாளரும் மாறவில்லை, கருவியும் மாறவில்லை, விற்றவர் மட்டுமே மாறியிருக்கிறார் என்பதால், இங்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல இயலாது. 2013ஆம் ஆண்டின் சாம்சங் கேலக்ஸி எஸ்4 பேசியும் வெரைசான், ஏடி அண்ட் டி நிறுவனங்களின் வகைகளில் பூட்டப்பட்டும், டி-மொபைல் வகையில் திறந்தும் வந்தது.

எனினும், எல்லாப் பழியையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மீது சுமத்துவது தயாரிப்பாளர்களை எளிதில் தப்பவிடுவதாகும். பேசிகள் பெரும்பாலும் சேவை ஒப்பந்தமின்றி விற்கப்படும் இந்தியா போன்ற நாடுகளில் அவர்களை வற்புறுத்துவோர் எவருமில்லை. ஹுவாவே 2018இல் பூட்டைத் திறக்கும் குறியீடு வழங்குவதையே நிறுத்தியது. எச்டிசியோ 2011இல் வாடிக்கையாளர் எதிர்ப்புக்குப் பின் தன் பூட்டுக் கொள்கையைக் கைவிட்டது. இவ்விரண்டும் தயாரிப்பாளரே எடுத்த முடிவுகள். பூட்டியே வைப்பதற்கு, அலைபரப்பும் கருவிகளை ஒழுங்குபடுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வானொலிக் கருவிகள் நெறியாணையைக் காரணம் காட்டுவதும் வலுவற்றது. அலைபரப்பும் மோடம் தனக்கெனத் தனி நிரலும் தனிக் கையொப்பச் சரிபார்ப்பும் கொண்டது என்பதோடு, திறக்கத்தக்க பிக்சல்கள் ஐரோப்பாவிலும் விற்பனையாகின்றன.

பூட்டைத் திறக்கும் உரிமையை மறுப்பதன் கேடு, தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திய பிறகே முழுமையாக வெளிப்படுகிறது. பூட்டைத் திறக்க முடிந்தால் லீனியேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் இயங்குதளம் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தங்களுள் பலவற்றையேனும் தொடர்ந்து வழங்கக்கூடும்; திறக்க முடியாத பேசியோ, வன்பொருள் பழுதின்றி இருந்தும், அறியப்பட்ட ஓட்டைகளுடன் பழைய நிரலிலேயே சிறைப்படுகிறது. பாதுகாப்பின் பெயரால் இடப்பட்ட பூட்டே அப்போது பாதுகாப்பைக் கெடுக்கிறது.

கூகுளின் பங்கு இதனினும் நுட்பமானது. தன் பேசியைத் திறக்க இசையும் அந்நிறுவனம், பேசியில் சான்று பெற்ற ஆண்ட்ராய்டே இயங்குகிறதா என்று செயலிகளுக்குத் தெரிவிக்கும் பிளே இன்டெக்ரிட்டி சேவையையும் நடத்துகிறது. அதை நம்பும் வங்கிச் செயலிகள் திறந்த பேசியை மட்டுமின்றி, உரிமையாளரின் திறவுகோலால் முறையாக மீண்டும் பூட்டப்பட்ட பேசியையும் புறக்கணிக்கக்கூடும். இயங்குவது எந்தத் திறவுகோலால் சரிபார்க்கப்பட்ட இயங்குதளம் என்பதை வன்பொருள் சான்று வழியாக நேரடியாக அறியும் வசதி ஆண்ட்ராய்டிலேயே உண்டு; அதைப் பயன்படுத்தி நம்பகமான மாற்று இயங்குதளங்களை ஏற்பதற்குச் செயலி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.