வைக்கோலுக்கு இடப்பட்ட மதிப்பெண்: தீவன ஆற்றல் கணக்கின் வரலாறு

கறவைப் பசுவுக்கு ஒரு தீவனம் எவ்வளவு ஆற்றல் தரும் என்ற வினாவுக்கு, இந்தியக் கால்நடைப் பாடநூல்கள் நெடுங்காலம் தந்த விடை மொத்தச் செரிமானச் சத்து, அதாவது டி.டி.என். செரிக்கும் புரதம், நார், மாவுப்பொருள் ஆகியவற்றைக் கூட்டி, செரிக்கும் கொழுப்பை 2.25ஆல் பெருக்கிச் சேர்த்தால் அந்த எண் கிடைக்கும். தின்றதிலிருந்து சாணத்தில் போனதைக் கழிக்கும் எளிய கணக்கு இது. ஏப்பத்தில் போகும் மீத்தேனும், செரிமானத்தின்போது வெப்பமாகக் கழியும் ஆற்றலும் இதில் இடம்பெறுவதில்லை.

இக்குறை முன்பே அறியப்பட்டதுதான். லைப்சிக் அருகே மோக்கர்ன் ஆய்வு நிலையத்தில் ஆஸ்கர் கெல்னர் எருதுகளைச் சுவாச அறையில் நிறுத்தி அளந்தார். அடிப்படைத் தீவனத்துக்கு மேல் கொடுத்த மாவுச்சத்து, செரித்த ஒவ்வொரு கிலோவுக்கும் 248 கிராம் கொழுப்பாகப் படிந்தது. வைக்கோலைக் காரத்தில் வேகவைத்துப் பிரித்த கூழும் ஏறத்தாழ அதே அளவு கொழுப்பைத் தந்தது. வைக்கோலை வைக்கோலாகவே கொடுத்தபோதோ, செரித்த சத்தைக் கொண்டு எதிர்பார்த்ததில் சிறு பகுதியே படிந்தது. நாரின் வேதியியலில் குற்றமில்லை. அது இருந்த நிலையில்தான் குற்றம். மெல்லவும் செரிக்கவும் ஆகும் உழைப்பே காரணம் என்று கெல்னர் கருதினார். அவ்விளக்கம் பின்னர் திருத்தப்பட்டது, அளவீடு நின்றது. 1905இல் வெளிவந்த அவரது நூல் இதனை மாவுச்சத்துச் சமானம் என்ற அலகாக்கியது. உலர்புல், வைக்கோல் ஆகியவற்றிலுள்ள ஒவ்வொரு கிலோ நாருக்கும் 0.58 கிலோவைக் கழிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

பென்சில்வேனியாவில் ஆர்ம்ஸ்பியும் நிகர ஆற்றலையே வலியுறுத்தினார். எனினும் அமெரிக்காவில் பரவியது மாரிசனின் டி.டி.என். அட்டவணைதான். சுவாச அறை எல்லோரிடமும் இல்லை; தராசும் சாணம் சேர்க்கும் பையும் எங்கும் கிடைத்தன. தானியம் மிகுந்த அந்நாட்டுத் தீவனத்தில் பிழை சிறிதாகவே இருந்திருக்கும். கே. சி. சென் தொடங்கி, ரே, ரஞ்சன் ஆகியோர் பங்களிப்புடன் 1978 வரை திருத்தப்பட்ட இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தீவன மதிப்பு அட்டவணைகளிலும் டி.டி.என். நிலைபெற்றது. அந்த உழைப்பு பெரிது. உள்நாட்டுத் தீவனங்களுக்கு அதற்கு இணையான தொகுப்பு அரிது. ஆனால் தொட்டியில் பாதிக்கு மேல் வைக்கோல் கிடக்கும் நாட்டில்தான் அந்த அலகின் பிழை மிகப் பெரிதாகிறது. அட்டவணைப்படி போதிய ஆற்றல் பெற்ற பசு, உண்மையில் தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் கறக்க நேரும்.

கெல்னரின் எண்ணும் கறவைக்குரியதன்று. கொழுக்கும் எருதில் எடுக்கப்பட்டது. பால் சுரப்பில் ஆற்றல் இன்னும் சிக்கனமாகப் பயன்படுவதால், அவர் கணக்கு நார்த்தீவனத்தைக் குறைத்தே மதிப்பிட்டது. கறவைப் பசுக்களையே அறையில் நிறுத்திப் பாலுக்கான நிகர ஆற்றலைப் பெருமளவில் அளந்தவர்கள், 1960களில் பெல்ட்ஸ்வில்லில் பணியாற்றிய ஃபிளாட், மோ, டைரல் ஆகியோர். அங்கே நின்றவை பெரும்பாலும் குதிரைமசாலும் மக்காச்சோளமும் தின்ற ஹோல்ஸ்டீன் பசுக்கள். நெல் வைக்கோல் தின்னும் எருமைக்கு அந்த அறைகளில் இடமிருக்கவில்லை.