செல்லாமல் போன பர்மா நோட்டுகள்

கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ட்ரெயின் ஏறி கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினா, பக்கத்திலேயே பர்மா பஜார். நம்ம சிப்காட் பசங்க ஹெட்போன், மொபைல் கவர் வாங்க அங்கதான் போவாங்க. அந்தக் கடைவீதிக்கு ஏன் பர்மான்னு பேர் வந்துச்சு? அதுக்கான பதிலைப் பழைய நோட்டுகளை வரிசையா அடுக்கியே சொல்லிடலாம். இந்த எபிசோட்ல அதைத்தான் செய்யப் போறோம்.

நான் நோட்டு சேர்க்கிறவன். பகல்ல கோட் எழுதறது, சனி ஞாயிறுல நாணயக் கண்காட்சி. நாணயத்துக்கு உலோக மதிப்புன்னு ஏதாவது மிஞ்சும். நோட்டுக்கு அதுவும் கிடையாது. ஒரு அரசாங்கம் கொடுத்த வாக்கு மட்டும்தான் அதோட மதிப்பு. அந்த வாக்கு உடையும்போது நஷ்டம் யார் தலையில் விழுதுங்கிறதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

ஒரே ரிசர்வ் வங்கி, ரெண்டு நாடு

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதனால ரங்கூனிலும் நம்ம ரூபாய்தான் ஓடுச்சு. அந்த வருஷம் பர்மாவைத் தனியாகப் பிரிச்சாங்க. ஆனா அதுக்கும் நோட்டு வெளியிட்டது 1935-ல் தொடங்கிய நம்ம ரிசர்வ் வங்கிதான். முதலில், ஏற்கெனவே இருந்த இந்திய நோட்டு மேலேயே ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியை அச்சடிச்சு விட்டாங்க. பிறகு பர்மாவுக்கென்றே தனி நோட்டு வந்தது.

அங்க இருந்த தமிழர்கள் யார்? துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் உழைச்ச கூலித் தொழிலாளர்கள், கடை வைத்தவர்கள், வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை செட்டியார்கள். 1930-களில் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனப்ப, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துடுச்சு. பர்மியர்களுக்கு அது ஆறாத கோபம். பின்னாடி நடந்ததைப் புரிஞ்சுக்க இதையும் மனசுல வைக்கணும்.

சீரியல் நம்பர் இல்லாத பணம்

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சது. லட்சக்கணக்கான இந்தியர்கள் தப்பி ஓடினாங்க. கப்பல் கிடைக்காதவங்க காடு, மலை வழியா நடந்தே வந்தாங்க. வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்கில். தங்கிவிட்டவர்கள் கைக்கு வந்தது ஜப்பான் அச்சடித்த புது ரூபாய்.

அதில் ஒரு 5 ரூபாய் நோட்டு என்னிடம் இருக்கு. பெயர் ரூபாய், எழுத்து ஆங்கிலம், ஆனா ‘ஜப்பானிய அரசாங்கம்’ என்று போட்டிருக்கும். ‘B’ என்று தொடங்கும் எழுத்து பர்மாவைக் குறிக்கும். மலாயா நோட்டில் ‘M’. அதைத்தான் மலாயாவில் வாழைமர நோட்டுன்னு சொல்வாங்க. என்னோட நோட்டுல சீரியல் நம்பரே இல்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னா, ப்ரைமரி கீ இல்லாத டேபிள். எத்தனை நோட்டு போனதுன்னு வெளியில் இருக்கிற யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. அச்சடிச்சுக்கிட்டே போனாங்க, விலைவாசி ஏறிக்கிட்டே போச்சு. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்து, ராணுவ நிர்வாகத்தின் முத்திரை போட்ட இந்திய நோட்டுகளை இறக்கினாங்க. ஜப்பான் நோட்டுக்கு எந்த ஈடும் தரலை. கூலியை அந்த நோட்டில் வாங்கிச் சேர்த்தவன் கையில் மிஞ்சினது வெறும் காகிதம்.

அதனாலதான் இந்த நோட்டு இன்னிக்கும் மலிவா கிடைக்குது. வயசு கூடினா விலை கூடும்னு நினைக்காதீங்க. எத்தனை மிஞ்சியிருக்கு, எந்த நிலையில் இருக்கு என்பதுதான் விலை.

1964: இரண்டாவது அடி

சுதந்திர பர்மா 1952-ல் ரூபாயை விட்டுட்டு ‘கியாட்’டுக்கு மாறியது. 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிச்சார். வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிப்பு. கடை ஏற்கெனவே போச்சு, இப்போ வீட்டில் வைத்திருந்த ரொக்கமும் போச்சு. அந்தக் காலகட்டத்தில் கிட்டத்தட்ட 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினாங்க. நகை, பணம் கொண்டுவரவும் கடுமையான கட்டுப்பாடு. கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர்களில் சிலர் கடற்கரை ஓரமா நடைபாதையில் கடை போட்டாங்க. 1969-ல் அது பர்மா பஜார் ஆச்சு. இன்னிக்கு நாம வரிசையில் நின்னு சாப்பிடும் அத்தோவும் அவங்க கொண்டு வந்ததுதான்.

நே வின் அதோடு நிற்கலை. 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடே இல்லாமல் செல்லாததாக்கினார். பதிலுக்கு வந்தது 45, 90. ரெண்டும் ஒன்பதால் வகுபடும், ஒன்பது அவருக்கு ராசியான எண் என்பார்கள். அடுத்த வருஷமே நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்துட்டாங்க.

சேர்க்க நினைக்கிறவங்களுக்கு

‘பழைய 5 ரூபாய் இருந்தா லட்சாதிபதி’ மாதிரி வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீங்க. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021-ல் எச்சரிச்சிருக்கு. 2016-ல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளுக்கு 2017-ல் தனிச் சட்டமே இருக்கு. சாதாரணமா 10 நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25. அதுக்கு மேல போனா அபராதம். நோட்டை லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, துணி மாதிரி இஸ்திரியும் போடாதீங்க.

முக்கியமா, வீட்டுப் பெட்டியில் வெளிநாட்டு நோட்டு ஏதாவது கிடைச்சா விலை தேடறதுக்கு முன்னாடி தாத்தா, பாட்டிகிட்ட கேளுங்க: யார் கொண்டு வந்தது, எந்த ஊர்ல இருந்து, எந்த வருஷம்? பதிலை போனில் ரெக்கார்ட் பண்ணி வைங்க. அதே மாதிரி நோட்டு கண்காட்சியில் இன்னொன்னு கிடைக்கும். அந்தப் பதில் வேற எங்கயும் கிடைக்காது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.