முப்பது அலகு மின்சாரமும் தொண்ணூறு ஆண்டு விவாதமும்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து என் சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். எண்பதை நெருங்கும் வயது. தனியே வசிப்பவர். இரண்டு மின்குமிழ்கள், ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. அவருடைய வீட்டு மின்பாவனை அவ்வளவுதான். மாதத்தில் முப்பது அலகுகளை அது தாண்டுவதில்லை.

"தம்பி, நான் கூட ஒண்டும் எரிக்கேல்லை. ஆனா ஆயிரத்து முந்நூறு சொச்சம் எண்டு பில் வந்திருக்கு. மீற்றர் பிழையோ?" என்று கேட்டார்.

மீற்றரில் பிழை இருக்கவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்திற்கு முன்னர், முப்பது அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு அலகொன்று 2 ரூபா 50 சதமாகவும் மாதாந்த நிலையான கட்டணம் 30 ரூபாவாகவும் இருந்தன. முப்பது அலகுக்கு மொத்தம் 105 ரூபா. 2022 ஓகஸ்டில் அலகு 8 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 120 ரூபாவாகவும் உயர்ந்தபோது அதே முப்பது அலகுக்கு 360 ரூபா. 2023 பெப்ரவரி 15ஆம் திகதிக்குப் பின் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. ஏழு மாதங்களுக்குள் ஒரு கிழவியின் மின்பட்டியல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இந்தக் கணக்கைத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. பாராளுமன்றத்தின் பத்திரிகையாளர் கலரியில் அமர்ந்து மின்சாரம் பற்றிய எத்தனையோ விவாதங்களைக் கேட்டிருக்கிறேன்; செய்தியும் எழுதியிருக்கிறேன். ஆனால் முப்பது அலகுக்கு எவ்வளவு என்று அதற்கு முன்னர் ஒருநாளும் நான் கணக்குப் பார்த்ததில்லை.

இந்த விவாதத்தின் தொடக்கத்தைத் தேடிப்போனால், டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளரிடம் போய்ச் சேரவேண்டும். 1874இல் காலியில் பிறந்தவர். பொதுவேலைத் திணைக்களத்தில் பணியாற்றிய காலத்தில் மஸ்கெலியா, லக்ஷபான பகுதிகளின் நீர்வீழ்ச்சிகளைக் கண்டு, அவற்றிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று கணித்தார். 1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில், நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றித் தமது ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். நிலக்கரியும் எண்ணெயும் வெளியிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. மழையோ இந்நாட்டு மலைகளில் பெய்வது. அவருடைய வாதத்தின் சாரம் இதுவே.

1920களில் தொடங்கப்பட்ட வேலை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற விமலசுரேந்திர, டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் நடைபெற்ற முதலாவது தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் போட்டியிட்டு அரசாங்க சபைக்குள் நுழைந்தார். அலுவலகக் கோப்புகளில் உறங்கிய திட்டத்தைச் சட்டசபையிலே எழுப்பலாம் என்று அவர் நம்பியிருக்கவேண்டும்.

அந்த 1931இல் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன என்பதையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பு அழைப்பை ஏற்று எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. பூரண சுயராச்சியம் என்ற உயர்ந்த இலட்சியத்திற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. அதைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. எனினும் நாட்டின் மின்சாரம் எங்கிருந்து வரவேண்டும், எவருக்குச் செல்லவேண்டும் என்ற கேள்வி புதிய சபையில் எழுந்தபோது, அந்த நான்கு கதிரைகளிலும் ஆட்கள் இருக்கவில்லை. 1934இல் நடந்த இடைத்தேர்தல்களின் பின்னரே அவை நிரம்பின.

லக்ஷபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில்தான் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 25 மெகாவாட். ஆய்வுரைக்கும் ஒளிக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். விமலசுரேந்திரவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. மூன்றாண்டுகளில் அவர் காலமானார். 1965இல் திறக்கப்பட்ட மின்நிலையம் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. உயிரோடிருந்தவரின் பேச்சைக் கேட்கத் தயங்கிய நாடு, இறந்தவரின் பெயரைச் சுவரில் எழுதத் தயங்கவில்லை.

1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. மகாவலித் திட்டத்தின் அணைகள் எழுந்தன. 1990களின் நடுப்பகுதியிலும் நாட்டின் மின்சாரத்தில் 90 சதவீதத்திற்கும் மேல் நீரிலிருந்தே கிடைத்தது. மலிவான மின்சாரம்தான். ஆனால் அது வானத்தை நம்பிய மின்சாரம்.

1996இல் வானம் பொய்த்தது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரையில் மின்வெட்டு அமுலானது. அப்போது நான் கொழும்புக்கு வந்து பத்திரிகைத் தொழிலில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. சபையில் அனல் பறந்தது. முந்தைய ஆட்சி புதிய மின்நிலையங்களைக் கட்டாமல் விட்டது என்றனர் ஆளுங்கட்சியினர். மழை வரும் என்று காத்திருந்த அரசாங்கம் இது என்றனர் எதிரணியினர். நானும் இரு தரப்பையும் சமமாக எழுதினேன். நன்றாக எழுதியதாகப் பாராட்டும் பெற்றேன்.

நான் எழுதாத ஒன்று உண்டு. எட்டு மணித்தியாலம் என்று சபை கொதித்த அந்நாளில், யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் படித்துத்தான் நான் கலைமாணிப் பட்டம் பெற்றேன். சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த விளக்கைத் தினமும் துடைத்துத் தந்தவர் இந்தச் சின்னம்மாதான். எல்லாம் அறிந்திருந்தும், கொழும்பின் இருட்டே செய்தி என்றும் எங்கள் இருட்டு பழைய கதை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவரும் என்னைத் தடுக்கவில்லை.

வரட்சி கற்பித்த பாடத்தை நாடு அரைகுறையாகவே படித்தது. நீரை மட்டும் நம்பக்கூடாது என்பது சரி. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது டீசலும் உலை எண்ணெயும். 2000ஆம் ஆண்டளவில் நீர்மின்சாரத்தின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நிலக்கரி மின்நிலையம் எங்கே அமைப்பது என்ற சர்ச்சை இரு தசாப்தங்களுக்கு மேல் இழுபட்டு, நுரைச்சோலையில் 2006இல் வேலை தொடங்கி, 2011இல்தான் முதல் அலகு இயங்கியது. விமலசுரேந்திர எச்சரித்த அதே கப்பல்களை எதிர்பார்த்து நாடு துறைமுகத்தில் காத்து நின்றது.

உற்பத்திச் செலவு ஏறியது. ஆனால் கட்டணத்தைத் தொட எந்த அரசாங்கமும் விரும்பவில்லை. 2013இன் பின்னர் ஒன்பது ஆண்டுகள் கட்டணம் உயர்த்தப்படவில்லை. மாறாக, 2015 ஜனவரியின் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னர், 2014இல் அது குறைக்கப்பட்டது. குறைத்ததை நாமும் வரவேற்றோம். அந்த இடைவெளியை எவர், எப்போது அடைப்பது என்ற கேள்வியை நாமும் கேட்கவில்லை.

2022இல் டொலர் தீர்ந்தது, எரிபொருள் தீர்ந்தது. மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலமாக நீண்டது. அன்றிரவே மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தை மக்கள் சூழ்ந்தனர். அதன்பின் ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதம் என்று கட்டணம் ஏறியது. சராசரி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தவர்களே முப்பது அலகுக்காரர்கள். பல்லாண்டுகளாக மானியம் பெற்றவர்கள் என்ற காரணத்தால் அவர்களுடைய ஏற்றமே மிகச் செங்குத்தாக அமைந்தது. 2023இல் மாத்திரம் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழு ஒன்றில் பின்னர் கூறப்பட்டது.

2023 மே 24ஆம் திகதி நடந்த விவாதம் இந்த நீண்ட வரலாற்றின் ஓர் உச்சம். கட்டண உயர்வை எதிர்த்துவந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்கவைப் பதவி நீக்கும் பிரேரணை அன்று சபைக்கு வந்தது. செலவை ஈடுசெய்யாவிட்டால் மீண்டும் இருள்தான் என்றது அரசாங்கம். பாவனையாளருக்காகப் பேசியவர் தண்டிக்கப்படுகிறார் என்றது எதிரணி. ஆதரவாக 123, எதிராக 77 வாக்குகள். பிரேரணை நிறைவேறியது.

இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் இந்த விவாதத்தின் துயரம். ஆளுங்கட்சி வரிசையில் அமர்பவர் விநியோகத்தைப் பற்றிப் பேசுவார். எதிர்க்கட்சி வரிசைக்கு மாறியதும் விலையைப் பற்றிப் பேசுவார். கதிரை மாறினால் பேச்சும் மாறும். விநியோகமும் விலையும் ஒரே கேள்வி என்று 1918இலேயே கண்டவர் விமலசுரேந்திர. சொந்த மண்ணின் வளத்தில் உரிய காலத்தில் முதலிட்டால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். பிற்போட்டால் இரண்டும் சேர்ந்து பறிபோகும். பிற்போட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் வட்டி உண்டு. அந்த வட்டியை முதலில் உணர்ந்தவர்கள் ஆகக் குறைவாக எரித்தவர்களே.

கட்டணம் பின்னர் பல தடவை மாறியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. இறக்கத்தைப் பற்றியும் ஏற்றத்தைப் பற்றியும் சபையில் பேசினார்கள், பேசுவார்கள்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நான் ஊருக்குப் போயிருந்தேன். மாலை மங்கியும் சின்னம்மாவின் வீட்டில் மின்குமிழ் எரியவில்லை. விறாந்தையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பழைய நினைவில் ஏற்றியிருக்கிறார் என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப சண்டை. அதால எரிச்சம். இப்ப என்னத்துக்கு எண்டு நீதான் பேப்பரிலை எழுதவேணும்" என்றார்.