முள்வேலியில் ஓடிய டெலிபோன்



வேலி எதற்குப் போடுகிறோம்? ஆடு மாடு பயிரில் வாய் வைக்காமல் இருக்க. சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். அந்த வேலிக் கம்பியிலேயே பேச்சை ஓட்டி, அடுத்த பண்ணைக்காரரோடு பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில், நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை இது.

கிரகாம் பெல் 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். அது இருக்கும்வரை பெல் கம்பெனியைத் தவிர வேறு யாரும் இந்தத் தொழிலில் இறங்க முடியவில்லை. கம்பெனிக்காரர்களோ பட்டணத்தை விட்டு வெளியே வர மனசில்லாமல் இருந்தார்கள். பட்டணத்தில் ஒரு தெருவுக்குக் கம்பம் நட்டால் வீட்டுக்கு வீடு வாடிக்கை கிடைக்கும். நாட்டுப்புறத்தில் மைல் கணக்கில் கம்பி இழுத்தால்தான் இரண்டு மூன்று வீடு தட்டுப்படும். கட்டுபடியாகாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

1893, 1894 வருஷங்களில் முக்கியமான காப்புரிமைகள் காலாவதி ஆயின. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் டெலிபோன் பெட்டி செய்யலாம், விற்கலாம். தபாலில் ஆர்டர் எடுத்துச் சாமான் அனுப்பும் பெரிய கடைகள்கூட விவசாயிகளுக்கு அதை விற்றன. பெட்டி வந்துவிட்டது, கம்பிக்கு எங்கே போவது? அங்கேதான் வேலி கைகொடுத்தது. முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் என்ற விவசாயி காப்புரிமை வாங்கியது 1874-ல். இருபது வருஷத்துக்குள் மேற்கத்திப் பக்கத்துப் பண்ணைகளில் எங்கே பார்த்தாலும் முள்வேலி. இரும்புக்கம்பி மின்சாரத்தைக் கடத்தும். மேல்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டால் போதாதா?

இங்கே ஒரு சந்தேகம் வரும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஒரே கம்பியில் எப்படி? திரும்பி வரும் வழி பூமிதான். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரும்புக் கோலைத் தரையில் அடித்து, டெலிபோனின் ஒரு முனையை அதில் கட்டினார்கள். மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் நன்றாகப் போகும். கோடையில் குரல் மங்கினால் கோலைச் சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்களாம்!

சுவரில் மாட்டிய மரப்பெட்டிக்குள் பாட்டரி இருக்கும். பேசும் வாய்க்குப் பின்னால் கரித்தூள் அடைத்த சின்னச் சிமிழ். குரலின் அதிர்வில் கரித்தூள் நெருங்கியும் தளர்ந்தும் கொடுக்க, மின்சாரம் அதற்குத் தக்கபடி கூடிக் குறைந்து கம்பியில் ஓடும். மறுமுனையில் காதில் வைக்கும் கருவியில் ஒரு காந்தமும் மெல்லிய தகடும். அந்த ஏற்ற இறக்கம் தகட்டை அதிரவைத்து மறுபடி குரலாகிவிடும். மணியடிப்பதற்குத் தனியாக ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் காந்தத்துக்கு நடுவே சுருள் சுழன்று மின்சாரம் பிறக்கும்.

மழை வந்தால் தொல்லை. நனைந்த மரக்கால் வழியாக மின்சாரம் தரைக்கு ஒழுகிவிடும். இதற்காகக் கம்பிக்கும் மரக்காலுக்கும் நடுவே உடைந்த பாட்டில் கழுத்து, தோல் துண்டு, சோளக்கட்டை என்று கையில் கிடைத்ததை வைத்தார்கள். படலைத் திறக்கிற இடத்தில் வேலி அறுந்து போகுமே? இரண்டு பக்கமும் உயரமான கம்பம் நட்டு, வண்டி போகிற உயரத்துக்கு மேலே கம்பியைத் தூக்கிக் கட்டினார்கள்.

ஒரே கம்பியில் பத்துப் பதினைந்து வீடு. ஒரு வீட்டுக்கு அழைத்தால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். யாருக்கு என்று எப்படித் தெரியும்? ஒரு வீட்டுக்கு நீள மணி ஒன்று, குறுமணி இரண்டு. இன்னொரு வீட்டுக்குக் குறுமணி மூன்று என்று கணக்கு வைத்திருந்தார்கள். தனக்கு இல்லை என்று தெரிந்தும் காதில் எடுத்து வைப்பார்கள்! ஊர் வம்பு கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் ஒவ்வொருவர் எடுக்கும்போதும் இருக்கிற கொஞ்ச மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே போய், பேசுகிறவர்கள் குரல் மங்கிவிடும். தொடர்ந்து பல நீள மணி அடித்தால் எல்லாரும் எடுக்க வேண்டும். நெருப்பு, காணாமல் போன குழந்தை போன்ற காரியங்களுக்கு அது. வானிலைத் தகவலும் சந்தை விலையும் இதே கம்பியில் வந்தன. விலை தெரியாமல் வண்டி பூட்டிப் போய் ஏமாந்து திரும்பியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்படி ஒவ்வொரு திக்கிலிருந்தும் வந்த லைன்கள் ஒரு வீட்டில் கூடின. அதுதான் எக்ஸ்சேஞ்ச். அநேகமாக ஒரு பெண்மணி பலகை முன்னால் உட்கார்ந்து, ஒரு லைனை இன்னொரு லைனோடு கயிற்றுக் கம்பியால் இணைத்துவிடுவார். நம்ம ஊர் நீர்ப்பாய்ச்சி மடையைத் திருப்பிவிடுகிற மாதிரி. இன்றைக்குக் கைபேசியிலும் சங்கதி இதுதான். உங்கள் பேச்சு காற்றில் போவது பக்கத்துக் கோபுரம்வரைதான். அதற்கப்புறம் பெரும்பாலும் கண்ணாடி இழையில் ஓடுகிறது. இணைத்துவிடும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்கிறது.

அடுத்த ஊர்க் கம்பெனியோடு சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தூரத்து ஊர்களுக்குப் போகும் லைன்கள் பெல் கூட்டத்தார் கையில். மற்றவர்களை அதில் சேர்க்க அவர்கள் இணங்கவில்லை. அரசாங்கம் நெருக்கிய பிறகு, 1913 டிசம்பரில்தான் அந்த இணைப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். எத்தனை நல்ல வாய்க்கால் வெட்டினாலும் ஆற்று மதகு அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1920-ல் அந்த நாட்டுப் பண்ணைகளில் நூற்றுக்கு 39-ல் டெலிபோன் இருந்தது. அயோவா மாநிலத்தில் பாதிக்கும் மேலே. ஆனால் 1940-ல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு 25 ஆகக் குறைந்துவிட்டது. முன்னேற வேண்டியது ஏன் பின்னே போயிற்று? 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் சந்தா கட்ட முடியவில்லை. வாயில் ரேடியோவும் வாசலில் காரும் வந்து டெலிபோனின் தேவையைக் குறைத்தன. எல்லாவற்றையும்விட, ஆரம்பத்தில் உற்சாகமாகக் கம்பி இழுத்தவர்கள், பழுது பார்க்கவும் புதுக்கம்பம் நடவும் பணம் ஒதுக்கி வைக்கவில்லை. கம்பம் உளுத்தது, கம்பி துருப்பிடித்தது. எங்கோ ஒரு மாடு வேலியில் உராய்ந்தால் முழு லைனும் ஊமை! பிறகு கிராமத்துக்கு மின்சார லைன் வந்தது. அதன் பக்கத்தில் ஓடும் ஒற்றைக் கம்பி டெலிபோனில் ‘உய்’யென்று இரைச்சல் ஏறியது. இரட்டைக் கம்பி போட்டால் தீரும். செலவுக்கு யார் இருக்கிறார்கள்?

1949 அக்டோபரில் சட்டம் திருத்தி, கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகக் கடன் கொடுத்த அதே அமைப்பு டெலிபோனுக்கும் கடன் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். குறைந்த வட்டி, நீண்ட தவணை. அந்தக் கடனில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் புதுக்கம்பம் நட்டன, இரட்டைக் கம்பி இழுத்தன. அந்தச் சங்கங்களில் பல இன்றும் நடக்கின்றன. அன்று வேலிக்கம்பி ஓடிய பண்ணைகளுக்கு இப்போது கண்ணாடி இழை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.